இடது இறக்கையைப் பாத்தியா?

படத்தைப் பார்த்த உடனே நான் மறுத்திருக்க வேண்டும். பழைய விமானம் ஒன்றை வாங்கும் முன் அதைச் சோதித்துச் சொல்ல வருகிறவர் விற்பவருக்கு வேண்டியவராக இருக்கக் கூடாது. வாங்குபவரோடு தினமும் காபி குடிக்கிறவராக இருப்பதும் நல்லதல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த விமானத்தில் முன்பு வேலை பார்த்தவராக இருக்கவே கூடாது. முப்பத்தைந்து ஆண்டுகள் விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர்கள் கேட்காதபோதும்.

அன்று காலை புதுச்சேரி உப்பளத்தில் என் வீட்டில் உட்கார்ந்து, எரியாத தெருவிளக்கைப் பற்றி நகராட்சிக்கு மூன்றாவது நினைவூட்டல் எழுதிக்கொண்டிருந்தேன். முதல் இரண்டின் நகல்களையும் இணைத்திருந்தேன். அப்போது நண்பர் கைப்பேசியை நீட்டியபடி உள்ளே வந்தார்.

"யோவ், இத பாரு. பொண்ணு எப்டி?"

அவர் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களை சொல்தா என்போம். தெருவில் எல்லோரும் அவரைச் சொல்தா என்றே அழைக்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். பிரான்சில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிறிய மைதானத்துக்குப் போய் விமானம் ஓட்டக் கற்று, உரிமமும் வாங்கிவிட்டார். அறுபத்தாறு வயதில் அவருக்கு ஒரே ஆசைதான் மீதி இருந்தது. லாஸ்பேட்டை விமான நிலையத்தில் ஏறி, கடலோரமாக வீராம்பட்டினம் வரை போய், தன் வீட்டு மாடியை மேலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகும் டாக்டரின் முகம் கொஞ்சம் யோசிக்கத் தொடங்கியிருந்தது. அதனால் அவசரம்.

படத்தில் நான்கு இருக்கை கொண்ட விமானம். ஒற்றை இஞ்சின், இறக்கை மேலே. யாரோ அதற்கு ஐஸ்கிரீம் வண்டிக்கு அடிக்கிற நீலத்தை அடித்திருந்தார்கள். இடது கதவின் கீழ்மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புது நீலத்துக்குக் கீழே, மாவிலை வடிவில் ஒரு தகரத் துண்டு, பதினோரு ரிவெட் ஆணிகள்.

"இத எனக்குத் தெரியும்" என்றேன்.

"இந்த டைப்பா?"

"டைப் இல்லய்யா. இதே வண்டிய. அந்த ஒட்டு நான் போட்டது. பன்னெண்டு ரிவெட் வரணும், ஒண்ண விட்டுட்டேன்."

"அலோர், அப்ப இன்னும் நல்லதாப் போச்சு!"

"இன்னும் கெட்டது. நான் பாக்கக் கூடாது. வேற ஆளக் கூப்பிடணும்."

"வேற ஆளுக்கு அந்தப் பன்னெண்டாவது ரிவெட் தெரியுமா?"

தெரியாதவர்தான் பார்க்க வேண்டும் என்று எந்தக் கையேட்டிலும் இருக்கிறது. ஆனால் அந்த விமானத்தை மறுபடி கையால் தொட வேண்டும் என்று எனக்கு அப்போதே ஆசை வந்துவிட்டது. 'பரவாயில்லை, நாற்பது வருடம் ஆகிவிட்டது' என்று எனக்கு நானே ஒரு விலக்கு அளித்துக்கொண்டேன். அந்த அதிகாரம் எனக்கு இல்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. சொல்தா பிரெஞ்சுக் குடிமகன். இங்கே பதிவான விமானம் அவர் பெயரில் இருக்க முடியாது. அவர் மனைவி இந்தியக் குடிமகள். ஆகவே விமானத்தின் சொந்தக்காரி அவர்தான் ஆக வேண்டும். அவருக்கோ உயரம் என்றாலே பயம், வீட்டு மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர்கூட உயரம் போதாது. விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனபோது, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு தாளைக் கடைசி வரை படித்தார். பிறகு அதை மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகினார்.

"அண்ணே, எனக்கு ஏரோப்ளேனு தெரியாது. உங்களத் தெரியும். நீங்க பாத்துட்டு நல்லாருக்குன்னு கையெழுத்து போடுங்க. அதுக்குக் கீழ நான் போடறேன். இந்த மனுசன் சொல்றத நம்பி நான் போட மாட்டேன்."

"ஏன், நான் இன்னா பொய்யா சொல்றேன்?" என்றார் சொல்தா.

கணவரை அவர் பிரெஞ்சு மரியாதையோடு முசே என்றுதான் அழைப்பார். "முசே, நீங்க ஆசையா சொல்றீங்க. அண்ணன் விதிப்படி சொல்வாரு."

அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு பெருமையோடு வீடு திரும்பினேன். இப்போது நினைத்தால் முகம் கொஞ்சம் சூடாகிறது.

விற்பவரின் கொட்டகையில் விற்பவரின் வெளிச்சத்தில் எதையும் பார்க்கக் கூடாது. விமானம் எங்கள் இடத்துக்கு வர வேண்டும் என்று எழுதினேன். விற்பவர் வடக்கே எங்கேயோ இருந்த ஒரு தொழிலதிபர். நாங்கள் அவரைப் பார்க்கவே இல்லை. அவர் சார்பில் கோயம்புத்தூர்ப் பக்கத்து பைலட் ஒருவர் அதை லாஸ்பேட்டைக்கு ஓட்டிவந்து, ஓடுபாதைக்குச் சற்றுத் தள்ளி இருந்த தகரக் கொட்டகையில் நிறுத்தினார். உள்ளே போக எனக்கும் சொல்தாவுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். மூன்று பிரதிகள், நான்கு புகைப்படங்கள், காவல் நிலையச் சான்று. சொல்தா தலையில் அடித்துக்கொண்டார். நான் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்தேன். வாயில்காவலர் என் உறையைத் திறந்துவிட்டு, "நாலு போட்டோ கேட்டா நாலு போட்டோ குடுக்கற ஆள இப்பதான் சார் பாக்குறேன்" என்றார்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் வந்தது வாசனை. விமானப் பெட்ரோல், சூடான எண்ணெய், பழைய ரெக்சின் இருக்கை. சென்னையில் நான் வேலைக்குச் சேர்ந்த பயிற்சிக் கழகம் இப்போது இல்லை. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்கவும் இல்லை. ஆனால் அந்த வாசனைக்குள் அது அப்படியே இருந்தது. காலை ஆறரைக்குத் தள்ளித் திறக்கும் இரும்புக் கதவு, கதவுக்கு மேல் குடியிருந்த புறாக்கள், அவற்றின் எச்சத்திலிருந்து இறக்கையைக் காப்பாற்ற நாங்கள் கட்டிவைத்த மீன்வலை. மாணவர்கள் ஒவ்வொரு முறை தரையில் இறங்கும்போதும் சக்கரம் எழுப்பும் சத்தத்தை வைத்து, யார் ஓட்டுவது என்று பார்க்காமலே சொல்லிவிடுவோம்.

நாங்கள் என்றால் நானும் அவனும். உரிமம் பெற்ற பொறியாளர்கள் இரண்டே பேர். ஒரே வயது, ஒரே அறை, ஒரே ஸ்டவ். விமானத்தின் கட்டுப்பாட்டுக் கம்பிகளில் கை வைத்தால் இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது எங்கள் தொழிலின் சட்டம். வேலை செய்தவர் ஒன்று போடுவார். வேலையில் கலந்துகொள்ளாத இன்னொருவர் தனியாக வந்து, முதல் ஆள் என்ன சொன்னார் என்று கேட்காமல், தன் கண்ணால் பார்த்து இரண்டாவது கையெழுத்துப் போடுவார். அவன் செய்ததை நான் பார்ப்பேன், நான் செய்ததை அவன் பார்ப்பான். பார்க்கும்போது பேச மாட்டோம். பார்த்து முடித்த பிறகு டீ.

அவனிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்றே ஒன்று. காதில் பென்சில். அலுமினியத்தில் பென்சிலால் எழுதக் கூடாது. பென்சில் கரி உலோகத்தில் ஒட்டிக்கொண்டு, ஈரம் பட்டால் மெல்ல அரிக்கத் தொடங்கும். கடல் காற்று வீசும் ஊரில் இன்னும் வேகமாக. இதை மாணவனுக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். நான் அவனுக்கு வாரம் ஒருமுறை சொன்னேன்.

"டேய், அத காதுலேருந்து எடு."

"மாப்ளே, நான் காயிதத்துலதான்டா எழுதறேன்."

"கை பழகிடும்."

"உன் வாய் பழகின மாதிரியா?"

லாஸ்பேட்டையில் முதல் நாள் உலோகத்தைத் தொடவில்லை. முதலில் காகிதம், பிறகு தகரம் என்பது என் முறை. விமானம் பொய் சொல்லாது, புத்தகம் சொல்லும். எங்கே சொல்கிறது என்று தெரிந்தால் எங்கே திறக்க வேண்டும் என்று தெரியும். பைலட் ஒரு தகரப் பெட்டி நிறையப் பதிவேடுகளை இறக்கிவைத்தார்.

"எதுக்குங்க சார் இவ்ளோ பழசெல்லாம்? போன மாசந்தான் வருசாந்திர சோதனை முடிஞ்சுதுங்க. எல்லாம் கிளீனா இருக்குதுங்க."

"கிளீனா இருந்தா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றேன்.

முடியவில்லை, ஏனென்றால் நான் படித்துக்கொண்டே இருந்தேன். சோதனைக்காக அல்ல. ஒவ்வொரு வரிக்கும் ஒரு நாள் நினைவு வந்தது. டயர் மாற்றிய மழை நாள். மாணவி ஒருத்தி கதவைத் தூணில் இடித்து, அழுதுகொண்டே வந்து சொன்ன நாள். அதற்குத்தான் மாவிலை ஒட்டு. அவனுடைய சின்னச் சின்ன எழுத்து, என்னுடைய நிமிர்ந்த எழுத்து, மாறி மாறி. சொல்தா நாற்காலியில் தூங்கிவிட்டார். பைலட் தன் பெண்ணுக்குக் கைப்பேசியில் கணக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பதிவேட்டின் நடுவில் ஒரு வரி. இடது இறக்கையில் எய்லரான் கேபிள் மாற்றப்பட்டது. எய்லரான் என்பது இறக்கையின் பின்விளிம்பில் ஏறி இறங்கும் மடிப்பு. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்ப்பது அதுதான். அதை இழுக்கும் எஃகுக் கம்பி விரல் தடிமன்கூட இருக்காது. வேலை செய்தவர் என்ற இடத்தில் அவன் கையெழுத்து. தனியாகச் சோதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. தேதி, ஆவணி மாதத்து ஒரு ஞாயிறு.

அந்தத் தேதியை நான் எங்கேயும் தேட வேண்டியதில்லை. எங்கள் கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த எவர்சில்வர் தட்டின் விளிம்பில் அதை வெட்டியிருக்கிறார்கள். தினமும் அதில்தான் சாப்பிடுகிறேன்.

அந்த ஞாயிறன்று நான் சென்னையில் இல்லை. புதுச்சேரியில், கழுத்தில் மாலையோடு, புகையில் கண் எரிந்து உட்கார்ந்திருந்தேன்.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். நினைக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கேபிளில் ஓர் இழை பிய்ந்திருந்ததைக் கண்டோம். புதுக் கேபிள் பம்பாயிலிருந்து ரயிலில் வர வேண்டும். திங்கட்கிழமை மாணவர்களுக்குத் தேர்வு. இருவரின் கையெழுத்தும் விழாமல் யாருக்கும் விடுப்பு இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். எனக்கோ அன்று மாலை பஸ். அவன்தான் பதிவேட்டைத் திறந்து என் முன் வைத்தான்.

"கீழ ரெண்டாவது கையெழுத்த போட்டுட்டுக் கெளம்புடா. கேபிள் வந்ததும் நான் மாட்டிட்டு, மேல போட்டுக்கறேன்."

"பாக்காம எப்படிடா போடறது?"

"நீ வந்து பாரு. ஓடியா போயிடும்? கல்யாணத்த தள்ளி வெக்க முடியுமா?"

போட்டேன். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை. கேபிள் சனிக்கிழமை வரவில்லை. ஞாயிறு காலைதான் வந்தது. கல்யாணத்துக்கு வருவதாக இருந்தவன் வரவில்லை.

பத்து நாள் கழித்துத் திரும்பினேன். கேபிள் மாட்டிய விமானம் அதற்குள் எத்தனையோ முறை ஏறி இறங்கிவிட்டது. அவன் ஸ்டவ்வில் டீ வைத்துக்கொண்டே கேட்டான்: "இடது இறக்கைய பாத்தியா?"

"பாத்துட்டேன்டா."

பார்க்கவில்லை. பதிவேட்டில் ஏற்கெனவே கையெழுத்து இருந்தது, விமானம் பறந்துகொண்டிருந்தது, எனக்குப் புதுக் கல்யாணம். மறுநாளும் கேட்டான். "பாத்தியா?" "அதான் சொன்னனேடா." ஒரு நொடி என்னையே பார்த்தான். டீத்தூள் டப்பாவை மூடினான். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. இரண்டு வருடத்தில் வளைகுடாவுக்குப் போனான். கடிதம் வந்தது, பிறகு பண்டிகை அட்டை வந்தது, பிறகு அதுவும் நின்றது. சில ஆண்டுகளுக்கு முன், எங்களோடு வேலை பார்த்த ஒருவர் போனில் அவன் இறந்த செய்தியைச் சொன்னார். அடக்கமெல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

பதிவேட்டை மூடினேன். அன்று மதியம் அந்தத் தட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவியிடம் சொன்னேன். நான் யாரைச் சொல்கிறேன் என்று அவளுக்கு உடனே தெரிந்தது.

"கல்யாணத்துக்கு வராத அந்த உத்தமரா? ரூம்ல ஒண்ணா சோறு பொங்கித் தின்னவரு. ஒரு தந்தி குடுத்தாரா?"

"அவன் வராததுக்குக் காரணம் நான்தான்."

"நாப்பது வருசமா நான் அவரத் திட்டறப்பல்லாம் சாப்டுட்டுதான இருந்தீங்க? அப்ப சொல்லக் கூடாதா?"

ரசம் ஊற்றினாள்.

மறுநாள் காலை சொல்தா வீட்டுக்குப் போய் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். நான் சோதனையாளர் இல்லை, அந்தப் பதிவேட்டில் உள்ள ஒரு பொய்யை எழுதியவன் என்று. சொல்தா சிரித்தார்.

"யோவ், இன்னாய்யா இது, பாதிரியார்கிட்ட சொல்ற மாதிரி? நாப்பது வருசம் பறந்துருக்கு. கேபிள் அதுக்கப்புறம் எத்தினி தடவ மாத்திருப்பான்? செத்துப்போன பாவம் அது."

அவர் மனைவி சிரிக்கவில்லை. "பாக்காம போட்டீங்களா அண்ணே?"

"ஆமாம்மா."

"அதுல சின்னப் பசங்க ஏறிப் போனாங்க."

"ஆமா."

காபியை என் பக்கம் நகர்த்தினார். "இதக் குடிச்சிட்டு, இப்பவாவது போயி பாருங்க."

போனோம். இடது இறக்கையின் அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூடி. நான்கு திருகு. அதைத் திறந்தால் கேபிளும் அது சுற்றி ஓடும் கப்பியும் தெரியும். முதல் ஆளுக்கு அது போதும். இரண்டாவது ஆளின் வேலை வேறு. கப்பியின் பின்பக்கத்தில், கேபிள் நழுவாமல் காக்கும் சிறு ஊசி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்கு அது தெரியாது. பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற கண்ணாடியை உள்ளே விட்டு, மேலே திருப்பி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். நடுவில் யார் யாரோ சோதனை செய்திருக்கிறார்கள். மேலே திருப்பினார்களா என்று பதிவேடு சொல்லாது.

திருப்பினேன். ஊசி சரியாக இருந்தது. அதற்கு மேலே, இறக்கையின் முழு நீளத்துக்கும் முதுகெலும்பாக ஓடும் அலுமினியச் சட்டத்தில், ஏதோ வரிவரியாக வெண்மை பூத்திருந்தது. கண்ணாடியில் இடம் வலமாகத் திரும்பியிருந்த எழுத்துகள். கையை உள்ளே விட்டு, பார்க்காமலே எழுதியது போலச் சரிந்திருந்தன. சின்னச் சின்ன எழுத்து.

"இன்னாய்யா? மூச்சக் காணோம்" என்றார் சொல்தா.

கைப்பேசியை உள்ளே நுழைக்க இடமில்லை. கண்ணாடியில் தெரிந்ததை அப்படியே படம் எடுத்தேன். எனக்குப் படம் வேண்டியிருக்கவில்லை. தலைகீழாக இருந்தாலும் அவன் எழுத்தைப் படிப்பேன்.

மாப்ளே கல்யாண வாழ்த்து. ரெண்டு தடவ பாத்துட்டேன். மூணாவது நீ.

இரண்டாவது ஆள் மட்டுமே பார்க்கக்கூடிய இடத்தில் எழுதியிருந்தான். நான் திரும்பி வந்ததும் பார்ப்பேன் என்று நம்பி, பென்சிலால், துடைத்துவிடலாம் என்ற எண்ணத்தோடு. நான் பார்த்துச் சிரித்து, அவனைத் திட்டிக்கொண்டே அதைத் துடைத்திருக்க வேண்டும். "பாத்துட்டேன்டா" என்று சொன்னேன். பார்க்கவில்லை என்று அவனுக்கு அந்த நொடியே தெரிந்திருக்கும். ஏன் அவனே துடைக்கவில்லை என்று பல நாள் யோசித்தேன். அது என் வேலை என்று விட்டிருப்பான்.

பிறகு பொறியாளனாகப் பார்த்தேன். பென்சில் கரி தன் வேலையைச் செய்திருந்தது. அடுத்த இரண்டு நாள் பக்கத்து மூடிகளையும் திறந்து, வெண்மையைச் சுரண்டி, ஊசிமுனை அளவியால் ஒவ்வொரு எழுத்தின் ஆழத்தையும் அளந்தேன். இஞ்சின் நன்றாக இருந்தது. எண்ணெய் வடிகட்டியை வெட்டி விரித்துப் பார்த்தோம், ஒரு துகள் இல்லை. சக்கரம், பிரேக், வால் எல்லாம் ஒழுங்கு. முழு விமானத்திலும் ஒரே குறை, எனக்கு வந்த வாழ்த்து. சில எழுத்துகளில் அரிப்பு அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது. அந்தச் சட்டத்தை மாற்றுவதற்கு இறக்கையையே மாற்றலாம்.

பைலட் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சார், இதோடதானுங்க நான் வந்து எறங்கினேன்."

"ஆமா. திரும்பி இதோட ஏற வேணாம்."

"கண்ணுக்கே தெரியாதுங்களே சார். மூடிய மாட்டிட்டா..."

"மாட்டிட்டா யாருக்கும் தெரியாது. எனக்கு அது எப்படின்னு நல்லாத் தெரியும்."

சொல்தா வெளியே போய் நின்றார். வீட்டுக்கு வரும் வழியில், ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தபடி ஒரே ஒரு முறை பேசினார். "இன்னும் ரெண்டு வருசம் தாங்குமாய்யா? எனக்கு ரெண்டு வருசம் போதும்."

"தாங்கலாம்."

"அப்ப?"

"லாம்னு எழுதி உன் பொண்டாட்டிகிட்ட குடுக்கட்டுமா?"

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் காபிக்கு வரவில்லை.

என் சோதனை செல்லாது என்பதால், பெங்களூரிலிருந்து எனக்குத் தெரியாத ஒரு பொறியாளரை வரவழைத்தேன். நான் கண்டது எதையும் அவரிடம் சொல்லவில்லை. இடது இறக்கைக்கு வந்ததும் அவர் கண்ணாடியை மேலே திருப்பினார். நீண்ட நேரம் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. "யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள், மடையர்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பன்மையில் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. அவர் அறிக்கையும் என் அறிக்கையும் ஒன்றுதான். அந்தக் கையெழுத்தைப் பற்றி விமானப் போக்குவரத்துத் துறைக்கு எழுத ஏதாவது படிவம் உண்டா என்று தேடினேன். நாற்பது வருடத்துக்கு முந்தைய பொய்யை ஒப்புக்கொள்ளப் படிவம் இல்லை. வெள்ளைத்தாளில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகைச் சீட்டு வந்தது. பதில் இன்னும் வரவில்லை.

மனைவியிடம் படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய் பீரோ கண்ணாடிக்கு எதிரே பிடித்தாள். எழுத்துகள் நேரானதும் முணுமுணுத்துப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"தந்தி குடுத்திருக்காரு" என்றாள். "நீங்கதான் பிரிக்கல."

விமானத்தை லாரியில் கொண்டுபோவது என்று முடிவானது. இறக்கைகளைக் கழற்ற வேண்டும். கொட்டகை வரை லாரி வராது, வாயில் அருகே உள்ள மேடை வரைதான் வரும். சுமார் இருநூறு மீட்டர். தள்ளிக்கொண்டு போகலாம் என்றார் பைலட். லாரி வருவதற்கு முந்தின நாள் மாலை நான் சொல்தா வீட்டுக்குப் போனேன்.

"அது பறக்கக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கேன். தரையில ஓடக் கூடாதுன்னு எழுதல. பைலட் பக்கத்துல இருந்தா நீ ஓட்டலாம். எல்லா அனுமதியும் வாங்கிட்டேன்."

"இருநூறு மீட்டரா?" என்றார் சொல்தா, டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருநூத்திப் பத்து. அளந்துட்டேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "முசே, எத்தன மணிக்குன்னு கேளுங்க. எனக்கும் சீட்டு வாங்கிட்டாரான்னு கேளுங்க."

வாங்கியிருந்தேன். காலையில் சொல்தா இஸ்திரி போட்ட சட்டையும் பழைய படைத் தொப்பியுமாக வந்தார். இடது இருக்கையில் அவர், வலது பக்கம் பைலட், பின்னால் மடியில் கைப்பையை இறுக்கியபடி அவர் மனைவி. நான் விதிப்படி இடது இறக்கை முனைக்கு அருகே நடந்தேன். சொல்தா சரிபார்க்கும் பட்டியலை ஒரு வரி விடாமல் பிரெஞ்சில் உரக்கப் படித்து இஞ்சினைக் கிளப்பினார். நடைவேகத்துக்கு மேல் போகவில்லை. ஓடுபாதை தெரியும் இடத்தில் மட்டும் நிறுத்தினார். பைலட் அவரைத் திரும்பிப் பார்த்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சொல்தா ஓடுபாதையின் கிழக்குக் கோடியை, கடல் இருக்கும் பக்கத்தை, பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிரேக்கை விட்டு, மேடைப் பக்கம் மெல்லத் திருப்பினார்.

இறங்கியதும் அவர் மனைவி கேட்டார்: "அவ்ளோதானா? நல்லாத்தான இருக்கு. பேசாம அடுத்தது ஒண்ணு பாருங்க முசே."

சொல்தா தொப்பியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அடுத்தத இவன் பாப்பானா?"

"அண்ணன் பாக்கட்டும். கையெழுத்து வேற ஆளு."

இறக்கைகளைக் கழற்றி முடிக்க மதியமாகிவிட்டது. இடது இறக்கை மரக்கட்டைகள் மேல் படுத்திருந்தது. விமான உடலோடு சேரும் வேர்ப்பக்கம் இப்போது திறந்திருந்ததால் கண்ணாடி இல்லாமலே எழுத்துகள் நேராகத் தெரிந்தன. அலுமினியத்தில் பென்சில் கரி கண்டால் உடனே கரைப்பானால் துடைத்து அகற்ற வேண்டும் என்பது விதி. பஞ்சை நனைத்துக்கொண்டு கையை உள்ளே விட்டேன். முதல் வார்த்தையில் கொஞ்ச நேரம் கை நின்றது. பிறகு கடைசி வரை துடைத்தேன். பஞ்சு கறுத்தது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். பென்சில் முழுதும் போய்விட்டது. எழுத்து அப்படியேதான் இருந்தது. அரித்த குழிகளை எந்தக் கரைப்பானும் எடுக்காது.

"பாத்துட்டியாய்யா?" என்றார் சொல்தா பின்னாலிருந்து. "லாரிக்காரன் நிக்கிறான்."

"இரு" என்றேன். "இன்னொரு தடவ பாத்துடறேன்."